பதினைந்தாவது பெயர்

பிளஸ் ஒன் சேர்க்கை நாட்களில் கணித ஆசிரியர் பாடம் நடத்துவதில்லை, ஆள் பிடிக்கிறார். கணிதம் என்றதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்ளும் பெற்றோருடன் மல்லுக்கட்டிய சக ஆசிரியர்களே, நான் படும் பாடு உங்களுக்குப் புரியும்.

இந்த வருடம் பதினைந்து பேர் சேராவிட்டால் எங்கள் பள்ளியில் கணித குரூப்பே கிடையாது என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். என்னை வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். அதைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ் ஏறுகிறவள் கண்டாச்சிபுரத்துக்கு ஏறப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் ஆசையாகச் சேர்ந்த பிள்ளைகளை வேறு குரூப்புக்குப் பிரித்துவிடுவார்கள். அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

மூன்றாவதாக வந்தவள்

ஓமந்தூரிலிருந்து ஒருவர் மகளை அழைத்து வந்தார். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் தொண்ணூற்றிரண்டு. எனக்கு வாயெல்லாம் பல். அவரோ தேர்டு குரூப் கேட்டார். அது வணிகவியல்; கணிதம் ஃபர்ஸ்ட் குரூப். பெண்ணுக்குக் கணக்கு பிடிக்காதா என்று கேட்டேன்.

"கணக்குன்னா உயிரு மிஸ். ஆனா கிளாஸ்ல மூணாவதாதான வந்துச்சு" என்றார்.

முதல் ரேங்க்குக்கு ஃபர்ஸ்ட் குரூப், மூன்றாவது ரேங்க்குக்கு தேர்டு குரூப் என்று மனிதர் நியாயமாகப் பிரித்து வைத்திருக்கிறார். அப்படி இல்லை என்று புரிய வைப்பதற்குள் என் தேநீர் ஆறிப்போனது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "மொதல்ல அந்த நம்பர எடுங்க மிஸ். எங்களாட்டம் ஆளுங்களுக்கு ஒரே பேஜாரா இருக்குது."

ரத்தம் இல்லாத பாடம்

அடுத்து ஒரு பையன், அம்மாவுடன். மகனை முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் வெள்ளைக் கோட்டுடன் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பையனுக்கோ விரலில் முள் குத்தினாலே தலை சுற்றுமாம். கணக்குப் பாடத்தில் ரத்தம் வராதே என்று என்னிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டான்.

பொய் சொல்லிச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ரத்தம் வராது, ஆனால் விடைத்தாளில் சிவப்பு மை நிறைய வரும் என்றேன். அம்மா முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பையன் முகம் மலர்ந்தது. "செவப்பு இங்க்கு பரவால்ல மிஸ், அது பழகினதுதான்."

பதினான்கோடு நின்றது

அவன் பதினான்காவது ஆள். அதற்குப் பிறகு ஈ, காக்காய் வரவில்லை. வகுப்புகள் தொடங்கி மூன்று வாரம் ஓடிவிட்டது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டுப் பார்த்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அம்மாவிடம்கூட, வீட்டில் பத்தாவது முடித்த பிள்ளை உண்டா என்று கேட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை ஹெச்.எம். கூப்பிட்டார். நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "நாளைக்கு லிஸ்ட்டு போவுது மிஸ். பதினாலுன்னு எழுத மனசு இல்ல, பதினஞ்சுன்னு எழுத தைரியம் இல்ல."

அல்ஜிப்ரா எப்போது வரும்

அன்று மத்தியானம் வணிகவியல் ஆசிரியை சாந்தி, ஒரு மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். சேர்க்கை தொடங்கியதிலிருந்து எனக்கும் சாந்திக்கும் பேச்சு அவ்வளவாக இல்லை. ஒரே பிள்ளைகளுக்குத்தானே இருவரும் வலை வீசினோம்.

அந்தப் பெண்ணின் பெயர் சகாயமேரி. வீட்டில் எல்லோரும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் வேலைக்குப் போகிறவர்கள். விண்ணப்பத்தைத் தானே நிரப்பியிருக்கிறாள். கணிதம் என்பது புத்தக அட்டையில் இருக்கும் பெயர். நம் வாயில் அது கணக்குதான். அவளும் படிவத்தில் கணக்கைத் தேடி, 'கணக்குப்பதிவியல்' என்று இருந்த வணிகவியல் குரூப்பில் டிக் அடித்துவிட்டாள். பற்று, வரவு எழுதக் கற்றுக்கொண்டு, அல்ஜிப்ரா எப்போது வரும் என்று மூன்று வாரம் காத்திருந்து, அன்றைக்கு எழுந்து கேட்டேவிட்டாள்.

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. சேர்க்கை நாள் நெரிசலில் படிக்காமலே போட்டிருக்கிறேன். அதைவிட அவள் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது: "கணக்கு மிஸ்ஸே கையெழுத்து போட்டிருக்காங்க, தப்பா இருக்காதுன்னு இருந்துட்டேன்."

சாந்தி நினைத்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளை அவள்தான். நன்றி என்றேன். சாந்தி அதைக் காதில் வாங்காமல் திரும்பி நடந்தார். "நன்றியெல்லாம் அப்பறம். ஜல்தி ஹெச்.எம். ரூமுக்குப் போங்க மிஸ், அந்தாளு பேனாவ மூடிடப் போறாரு."

பதினான்கோடு ஒன்றைக் கூட்டினால் பதினைந்து என்பதை, இத்தனை வருடமாகக் கணக்கு நடத்திய எனக்கு, ஒரு வணிகவியல் ஆசிரியைதான் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.