எக்ஸ்ரே அக்காவின் இருபத்தாறு நன்றிகள்

சட்டையை உள்பக்கமாகப் புரட்டித் தோள் தையலில் கட்டைவிரலை ஓட்டுவாள் எக்ஸ்ரே அக்கா. விரல் ஓரிடத்தில் நிற்கும். பிசிறு. சின்னக் கத்தரியால் நறுக்கி, வெட்டிய நூலைத் தன் மேல்கோட்டின் இடது கையில் ஒட்டிக்கொள்வாள். குப்பைக்கூடை காலடியிலேயே இருக்கும். ஆனாலும் அவளுக்கு அந்தக் கைதான் கூடை. சாயங்காலம் மணியடிக்கும்போது அதில் பூனைமுடி முளைத்ததுபோல் இருக்கும்.

சட்டை தைக்கும் கம்பெனியில் கடைசி மேசை அவளுடையது. செக்கிங். பக்கத்து மேசை என்னுடையது. இருபத்திரண்டு வருடமாக ஒரு கெட்ட சட்டைகூட அவளைத் தாண்டிப் பெட்டிக்குள் போனதில்லை. அதனால் வந்த பெயர். கோணல் தையலைத் தூக்கிப் பிடித்து, தைத்தவரைக் கூப்பிடுவாள். "இது தையலா, எறும்பு தண்ணி குடிக்கப் போன வழியா?" சூப்பர்வைசருக்கும் விலக்கில்லை. "சார், இதைப் போட்டுக்கப் போறவருக்கு ஒரு தோள்தான்னு முன்னாடியே சொல்லியிருந்தா நானும் சும்மா இருந்திருப்பேன்ல?"

சாப்பாட்டு நேரத்தில் நான் இந்தக் குரலை எடுத்தால், மென்றுகொண்டிருப்பவர்கள் நாலு பேராவது நிமிர்ந்து உட்காருவார்கள். மூக்கில் பாதி, தொண்டையில் பாதி; கடைசி வார்த்தையைக் கத்தரிபோல் நறுக்கவேண்டும். அவளே ஒருநாள் பின்னால் நின்று கேட்டாள். "மூக்கு பத்தல, கிளி" என்று திருத்திவிட்டுப் போனாள்.

யாருக்கும் அவள் நன்றி சொல்லி நாங்கள் கேட்டதில்லை. தண்ணீர் பாட்டிலை நகர்த்திக் கொடுத்தால் "ம்" என்பாள். அதுவே எங்களுக்குப் பட்டயம் வாங்கியதுபோல.

இப்படிப்பட்டவளிடம்தான் ஜனவரி பிறந்ததும் சிரிப்பு சார் அட்டைக் கட்டோடு வந்தார். பணியாளர் பிரிவு அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. ஆளை வேலையைவிட்டு அனுப்பும்போதும் அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டு இறங்காது. "ஒரு நாளைக்கு ஒரு நன்றி. அவ்ளோதான். எழுதி வாசல்ல இருக்கிற பெட்டியில போடுங்க. ஒரே மாசத்துல பழக்கமாயிடும், மனசு பஞ்சு மாதிரி ஆயிடும்." ஒவ்வோர் அட்டையின் தலையிலும், முன்னும் பின்னும், பெரிய மஞ்சள் சூரியன். அதன் கீழே மெல்லிய கோடுகள், பெயர், நம்பர்.

ஐந்தாம் நாள் சார் ஓர் அட்டையை ஆட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்.

"என்னக்கா, ஒரு வரி மேல இன்னொரு வரி ஏறி உக்காந்திருக்கு?"

"நன்றி ஜாஸ்தியாயிடுச்சு சார். இடம் பத்தல."

மொத்த வரிசையும் சிரித்தது. சாரும் சிரித்தார். சிரித்தபடியே, "அடுத்த மாசம் கண் டாக்டர் வர்றார். எதுக்கும் ஒருவாட்டி காட்டிடலாமே" என்றார்.

"எனக்கு எதுக்கு சார்? தைக்கிறாங்களே, அவங்களைக் காட்டச் சொல்லுங்க."

அவர் போனபின் அவள் கை மேசைமேல் கத்தரியைத் தேடியது. கத்தரி கண்முன்னேதான் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பெல்லாம் கண் போகும், பின்னால் விரல் போகும். சில மாதங்களாக விரல் மட்டும்தான் போகிறது. விரலுக்குத் தெரியாத கறையையும் சாய வித்தியாசத்தையும் "கண்ணு எரியுது, நீ பாரு" என்று என் மேசைக்குத் தள்ளிவிடுகிறாள்.

மறுநாள் சாப்பிடும்போது, கேட்காமலே சொன்னாள். அவள் கூடப்பிறந்த அக்காவுக்கும் பார்வை மங்கிக்கொண்டே வரும் இதே நோய்தான். முழுசாக இருட்டிப்போய்ப் பத்து வருடம். கையைச் சுவரில் வைத்துத்தான் அறைக்கு அறை போவாள். இரண்டு பேருக்கும் இந்த மேசைதான் சாப்பாடு. போன வருடம் பட்டன் பார்த்துக்கொண்டிருந்தவரை, கண் சோதனை முடிந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"எங்க அக்காவுக்கு முப்பத்தஞ்சுல வந்துச்சு. என்னை நாப்பத்தெட்டு வரைக்கும் விட்டு வெச்சுது. பதிமூணு வருஷம் சும்மா கெடைச்சிருக்கு. இதுக்கு நன்றி சொல்லணுமா வேணாமா?" டப்பாவை மூடினாள். "இதைக் கார்டுல எழுதித் தொலைச்சிடாத."

"நான் எதுக்குக்கா எழுதறேன்?"

"டாக்டர் வர்ற அன்னிக்கு லீவு போட்டுப்பேன். இந்தக் கார்டுதான் தினமும் என்னைக் காட்டிக் குடுக்குது. எல்லார் குரலையும் பண்றியே, என் கையெழுத்தைப் பண்ணுவியா?"

பண்ணினேன். அவள் 'ர'வுக்குக் கால் கொஞ்சம் நொண்டும். அதைப் பிடித்தால் மற்றதெல்லாம் தானே வந்துவிடும். பெட்டிக்காக நான் எழுதியது: காபி சூடாக இருந்ததற்கு நன்றி, மின்விசிறி சத்தம் போடாமல் ஓடியதற்கு நன்றி. அவள் வாயால் சொன்னது வேறு. எழுத முடியாதது. "கறுப்புத் துணி வரல, நன்றி." "மேகம் போடல, நன்றி." "பஸ் நம்பரை எவளோ ஒருத்தி சத்தமா படிச்சா, நல்லா இருக்கட்டும்." மூன்றாம் வாரம் என் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தாள். "இன்னிக்கு உன் மூஞ்சி தெரிஞ்சுது. அழகா இல்ல. இருந்தாலும் நன்றி."

கடைசி வாரம் அவள் நன்றிகள் குட்டையாகிவிட்டன. "படியில விழல." ஒருநாள் வெறுமனே, "இன்னும் யாரும் கேக்கல."

என் அட்டைகள் நாலாம் நாளே பைக்குள் படுத்துவிட்டன. அவளுடையதை மட்டும் ஒருநாள்கூட நான் விடவில்லை. காரியம் கெட்டதே அங்கேதான்.

மாதத்தின் கடைசி வேலைநாள். மணியடித்ததும் எல்லோரையும் வாசலருகே நிறுத்தினார் சிரிப்பு சார். "முந்நூறு பேர்ல, இருபத்தாறு நாளும் விடாம எழுதினது ஒரே ஆள்தான். யாருன்னு பாருங்க!" பரிசு ஒரு ஃபிளாஸ்க். "வாங்கக்கா. உங்க கடைசிக் கார்டை உங்க வாயாலயே படிச்சுக் காட்டுங்க."

அதில் நான் எழுதியிருந்தது தண்ணீர்க் குழாய் ரிப்பேரானதைப் பற்றி. அவளிடம் சொல்லிவைக்கவில்லை. சொல்லிவைக்கத் தோன்றவே இல்லை.

அக்கா அட்டையை முகத்துக்கு நேரே பிடித்தாள். இடமிருந்து வலமாகத் தலையைக்கூட நகர்த்தினாள். "ஜன்னலோரத்துல எனக்கு மேசை குடுத்ததுக்கு நன்றி" என்று, ஒரு வார்த்தை தடுமாறாமல், கடைசிச் சொல்லை நறுக்கிப் படித்தாள். "வெளிச்சம் நல்லா வருது."

மஞ்சள் சூரியன் அட்டையின் அடியில் தலைகீழாக இருந்தது.

பின்வரிசை கைதட்டியது. முன்வரிசை தட்டவில்லை. சிரிப்பு சார் அட்டையின் முனையை இரண்டு விரலால் பிடித்து, அவள் கையிலேயே மெதுவாகத் திருப்பி நேராக வைத்தார். சிரிப்பில்லாத அவர் முகத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

அக்கா அட்டையை விடவில்லை. கட்டைவிரலை அதன் ஓரத்தில், ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஓட்டினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். அங்கே ஒன்றும் இல்லை. நகத்தால் அதைக் கிள்ளி எடுத்து, இடது கையில், அன்றைய நூல்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டாள்.