மேற்கு எல்லை

ஜெனிற்றா, டிலான், நேற்று நான் உங்கள் மடிக்கணினியைப் படாரென்று மூடியது பிழைதான். அம்மாவும் அதைத்தான் சொல்கிறா. ஆனால் கோபம் இன்னும் இறங்கவில்லை. அது உங்கள் மேல் வந்த கோபம் இல்லை. யார் மேல் என்பதை எழுதித்தான் சொல்ல முடியும். வாயால் சொல்லப் போனால் பாதியில் கத்திவிடுவேன்.

நேற்று என்ன நடந்தது? கறுப்புத் திரையில் ஜெனிற்றா ஒரு வரி அடித்தாள். மென்பொருள்களையெல்லாம் புதுப்பிக்கிற வரி. வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி நின்றன. 'தொடரவா?' என்று ஆங்கிலத்தில் கேட்டது. அவள் டிலானோடு கதைத்துக்கொண்டே, திரையைப் பார்க்காமல், Y-யை அடிக்க விரலைக் கொண்டுபோனாள்.

"என்ன கேட்டது எண்டு வாசிச்சனியோ?"

"அப்டேட் தானே அப்பா. எல்லாரும் Y தான் அடிக்கிறவை."

அந்த 'எல்லாரும்' என்ற சொல்லில்தான் மூடினேன்.

மூடும்போது கணினி சூடாக இருந்தது. சூடான பிளாஸ்டிக் மணத்தோடு எனக்கு எப்போதும் கருவாட்டு மணமும் சேர்ந்து வரும். சிரிக்காதீர்கள். சண்டை முடிந்த பிறகு நான் வேலை செய்த கந்தோர் பேசாலையில் ஒரு பழைய கருவாட்டுக் கொட்டிலில்தான் இருந்தது. சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தும் மணம் போகவில்லை. அங்கே யாரோ வெளிநாட்டார் தந்த ஒரு கொம்பியூட்டர். காசு கொடுத்து வாங்காத, எவரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய மென்பொருள்தான் அதில். வேண்டியதன் பெயரை அடித்தால், தூரத்துக் களஞ்சியத்திலிருந்து தானே இழுத்து வரும். வலை வாங்கப் போனால் மிதவையும் ஈயக்குண்டும் கயிறும் கூடவே கட்டித் தருவதுபோல, அதற்குத் தேவையான மற்றதுகளையும் கொண்டுவரும். எனக்கு அது பெரிய அதிசயம். இன்டர்நெட் டொங்கிளை யன்னல் கம்பியில் கட்டி, போன் ரவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் வேலை தட்டச்சு. இடம்பெயர்ந்து திரும்பியவர்களில் காணி உறுதிப் பத்திரம் தொலைந்தவர்கள் வந்து எல்லைகளைச் சொல்வார்கள். காணி விசாரணையில் காட்டுவதற்கு நான் அடித்து வைப்பேன். நறுவிலிக்குளத்திலிருந்து சந்தியோகு அண்ணை வந்தது நல்ல நினைவு. சைக்கிளை வெளியில் விட்டுவிட்டு, கதிரையின் நுனியில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். காணிக்குள் நடந்துகொண்டு சொல்வதுபோல இருந்தது.

"கிழக்கை ஒரு பாலை மரம் தம்பி. அதிலை என்ரை மகள் கத்தியாலை பேர் வெட்டினவள். அதையும் போடு."

"அதெல்லாம் தேவையில்லை அண்ணை."

"போடு. மரம் நிண்டா பேரும் நிக்கும்."

போட்டேன். பிரிண்டருக்கு மை இல்லை, வந்ததும் கூப்பிடுகிறேன், கையெழுத்து வைக்கலாம் என்றேன். மை வருவதற்கு முன் அவர் வயலில் விழுந்து செத்துப்போனார்.

அந்தக் கிழமைதான் வெளியூரிலிருந்து பயிற்சி தர ஒரு கொம்பியூட்டர் வாத்தியார் வந்தார். சேர் என்றுதான் கூப்பிடுவோம். கொம்பியூட்டரில் இடம் நிரம்பி, புதுப்பிக்க முடியவில்லை. பழையதுகளை அடியோடு நீக்கும் ஒரு வரியை எழுதித் தந்தார். அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"என்ன கேட்டாலும் ஓம் எண்டு குடுங்கோ தம்பி. வாசிச்சுக்கொண்டிருந்தா முடியாது."

எனக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. சோதனைச்சாவடிகளில் வளர்ந்தவன் நான். புரியாத பாஷையில் என்ன கேட்டாலும் ஓம் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஒருமுறை, கூட வந்த கூட்டாளி கேட்டான், "அவன் என்ன கேட்டவன் எண்டு தெரியுமோடா?" தெரியாது என்றேன். "நீ கழுதையோ எண்டு கேட்டிருந்தாலும் ஓம் தான்," என்றான். ஓ.எல். சோதனை வரை படித்த கழுதை நான்.

முதல் கேள்விக்கு Y. இரண்டாவதுக்கும் Y. மூன்றாவது நீலத் திரையில் வந்தது. நான் காணி விபரங்களை அடித்து வைத்த பழைய மென்பொருளோடு, உள்ளே இருக்கும் பதிவுகளையும் சேர்த்து அழிக்கவா என்று அது கேட்டதை, பிறகு ஒருவர் வாசித்துச் சொல்லித்தான் அறிந்தேன். அதற்கும் ஓம். இரண்டு நிமிடம் ஓடியது. அத்தனை பேரின் காணிகளும் போய்விட்டன. பிரதி எடுக்க இருந்த ஒரேயொரு பென் ட்ரைவைக் கந்தோர்ப் பெரியவர் மகளின் கலியாண வீடியோவுக்குக் கொண்டுபோயிருந்தார்.

சேருக்குப் போன் எடுத்தேன்.

"அது கேட்டுத்தானே அழிச்சிருக்கு. நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள்," என்றார்.

இந்த ஒரு வசனம், பிள்ளைகளே. இதுதான் இத்தனை வருடமாக எனக்குள் எரிகிறது. வாசிக்க முடியாத பாஷையில் கேட்பார்கள், வாசிக்க நேரமும் தரமாட்டார்கள், பிறகு நீதானே சம்மதித்தாய் என்பார்கள். அவர் மேல் உள்ளதை விட என்மேல் எனக்கு ஆத்திரம் கூட. அகராதி அலுமாரியில் இருந்தது. எழும்பிப் போய் எடுக்க எத்தனை அடி?

மற்றவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள், மறுபடி அடித்தேன். சந்தியோகு அண்ணைக்குப் பதிலாக அவர் மனைவி லூர்தம்மா அக்கா கறுப்புச் சேலையோடு வந்தா. மூன்று பக்கம் அவவுக்குத் தெரியும். மேற்கே, கிணற்றுக்கு அங்கால் எது வரை என்பது தெரியாது.

"அவர் உங்களிட்டைச் சொன்னவர்தானே தம்பி. அதை ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

அழிந்துபோயிற்று அக்கா என்றேன். அவ கத்தவில்லை.

"உறுதி நெருப்பிலை போச்சு. இது என்னத்திலை போச்சு?"

அவ சொன்ன மூன்று பக்கத்தையும் அடித்துக் கொடுத்தேன். விசாரணை நாளில் மேற்குப் பக்கத்துக்காரர் காட்டிய இடத்தில் எல்லைக் கட்டை அடித்தார்கள். கிணறு அந்தப் பக்கம் போய்விட்டது. கொஞ்சக் காலம் அக்கா தன் கிணற்றிலேயே அவரைக் கேட்டுத் தண்ணீர் அள்ளினா. பிறகு காணியை விட்டுவிட்டு மகளோடு அடம்பனுக்குப் போய்விட்டா. அந்தப் பாலையையும் தறித்துவிட்டார்களாம். கருவாட்டுக் கொட்டில் இப்போது பெயின்ற் கடை. உங்கள் கணினிக்கு ரவர் பக்கம் திருப்ப ஒன்றும் தேவையில்லை. வாசிக்காமல் அடிக்கிற Y மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்று காலை நீங்கள் அம்மாவோடு பூசைக்குப் போனதும் மடிக்கணினியைத் திறந்தேன். கேள்வி அப்படியே நின்றது. அகராதியை மடியில் வைத்து வரி வரியாக வாசித்தேன். நீக்கப்படுபவை: 0. அந்தப் பூச்சியத்தை மூன்று தரம் பார்த்துவிட்டு Y அடித்தேன்.

எல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு வெறும் பக்கம் திறந்து, கிழக்கே பாலை மரம், மகளின் பெயர் வெட்டியது, என்று அடித்தேன். தெற்கே வாய்க்கால். வடக்கே வண்டிப்பாதை. மேற்கே கிணறும், அதற்கு அங்கால், என்று அடித்துவிட்டு, அன்று சந்தியோகு அண்ணை சொன்னதை நினைத்துப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தது தெரிகிறது. உதடு அசைவது தெரிகிறது. சொன்னது வரவில்லை. வரியை அப்படியே விட்டுச் சேமித்தேன்.