தூத்துக்குடியில் நான் நிமிர்த்திய இசைத்தட்டு

1977 மே மாதம், ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு இசைத்தட்டுக்காகத் தூத்துக்குடி போனேன். அந்த இசையை அதற்கு முன் ஒரு தடவைதான் கேட்டிருந்தேன், அதுவும் சிற்றலை ரேடியோவில், பாதியிலிருந்து; தட்டின் பெயரைக் கடைசியில் சொன்னதால் குறித்துக்கொண்டேன். ஒரு சாக்ஸபோன், அவசரமே இல்லாமல், தூக்கத்தில் பேசுகிற மாதிரி. அன்று தொடங்கி ஆறு வருடம் மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஜாஸ், சோல், ஃபங்க் என்று கிடைத்த எல்.பி.யையெல்லாம் வாங்கிக் குவித்தேன். அது மட்டும் அகப்படவில்லை. வீட்டில் பைத்தியம் என்றார்கள். தப்பாகச் சொல்லவில்லை.

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த நண்பன் கடிதம் போட்டான். மிக்கேல் என்று ஒரு கப்பல்காரர். வருடத்தில் பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. போகிற ஊரிலெல்லாம் ரெக்கார்ட் வாங்கி வருவார். நீ உயிரை விடுகிற தட்டு அவரிடம் இருக்கிறது. காசு வேண்டாமாம், கப்பலுக்குக் கொண்டுபோகப் பழைய சினிமாப் பாட்டுத் தட்டுகள் கொடுத்தால் போதுமாம். என்னிடமிருந்த ஆறு நல்ல சினிமாத் தட்டுகளைப் பழைய வேட்டியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

மதுரையில் காலை 5.40 பஸ், டிக்கெட் எட்டு ரூபாய் சொச்சம், தூரம் சுமார் 140 கிலோமீட்டர். இடது பக்கம் உட்கார்ந்தால் காலை வெயில் முகத்தில் அடிக்கும், நான் அனுபவித்தவன். எட்டயபுரம் தாண்டியதும் கண் சொருகிவிட்டது. விழித்தபோது இரண்டு பக்கமும் உப்பளம். உப்புக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று மிதந்தன. வானம் எது, தண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பஸ் நகர்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. பத்து மணிக்கு இறங்கி, ஒரு ரூபாய்க்கு ரிக்‌ஷா பேசி, மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மிக்கேல் அண்ணாச்சிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் மனைவி லூர்தக்கா காப்பியும் நாலு முந்திரி மக்ரூன் பிஸ்கட்டும் வைத்துவிட்டு, "மத்தியானம் சாப்பிட்டுட்டுத்தான் போவணும் தம்பி" என்று சொல்லி மீன் வாங்கக் கிளம்பிவிட்டார். அண்ணாச்சி ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, கயிற்றால் இறுக்கி, மேலே இரும்புச் சாமான் பெட்டியை ஏற்றி வைத்திருந்தார்.

"ஐயோ அண்ணாச்சி, இதை நட்டமால்ல நிக்க வைக்கணும்!"

"கப்பல்ல நட்டமா நிக்க வச்சா ஒரே உருட்டுல அம்புட்டும் ஒடைஞ்சிரும்லே. படுக்கப் போட்டுக் கெட்டணும். கை பழகிட்டு, வீட்லயும் அப்படித்தான்" என்றார்.

என் தட்டு அடியில் இருந்தது. உறைக்குள் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. போட்டுக் கேட்டோம். ஊசி ஏறி இறங்க, சாக்ஸபோன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை சாய்ந்து எழுந்தது. ஜன்னலில் கடல்காற்று வேறு. மயக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எனக்கு ஆத்திரம். ஆறு வருடம் தேடியது இந்த லட்சணத்திலா?

"நான் சரி பண்ணிடுவேன் அண்ணாச்சி" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவே தட்டை வைத்து, மொட்டை மாடி வெயிலில் இருபத்தைந்து நிமிடம். பிறகு நிழலில் பாரம் ஏற்றி ஒரு மணி நேரம். தூத்துக்குடி மே வெயில் கைகொடுத்தது. தட்டு சப்பாத்திக்கல் மாதிரி நிமிர்ந்துவிட்டது.

லூர்தக்கா திரும்பி வந்தபோது அதைத்தான் ஓடவிட்டிருந்தோம். சாக்ஸபோன் அசையாமல், சுத்தமாக ஒலித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் மீன் கூடையோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது ஆடுமே. ஏன் ஆட மாட்டேங்கு?"

"தம்பி நிமித்திட்டாம்ளா" என்றார் அண்ணாச்சி பெருமையாக.

"நீங்க போன பொறவு தெனமும் சாயங்காலம் இதத்தான் போடுவேன். அங்கன கப்பல்ல நீங்க படுத்திருக்கையில இப்படித்தான ஆடும்னு கேட்டுட்டுக் கெடப்பேன்."

அண்ணாச்சிக்கு இது தெரியாது. "ஏளா, எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்று முனகினார். அடுத்த மாதம் அவர் மறுபடி கப்பல் ஏற வேண்டும்.

"அக்கா, வெயில்ல போட்டுப் பழையபடி வளைச்சுடலாம்" என்று உளறினேன்.

அவர் சிரித்தார். சிரிக்காமல் திட்டியிருக்கலாம். "வேற மாதிரி ஆடுனா அது வேற எவுக கப்பலோல்லா தம்பி? நீங்களே கொண்டு போங்க. நல்லாத்தான் பாடுது."

சாப்பாடு போட்டார். சீலாமீன் குழம்பு. தட்டு வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன், மூன்றாம் தடவை என் ஆறு சினிமாத் தட்டுகளைக் கொடுத்துவிட்டு வெட்கமில்லாமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். 3.15 பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உப்பளங்கள் மறுபடி வந்தன, இந்தத் தடவை மஞ்சள் வெயிலில். நான் சரியாகப் பார்க்கவில்லை.

பழைய தட்டு தேடி இந்தக் கரைக்குப் போகிறவர்களுக்கு: கப்பல்காரர்கள் வீட்டில் இன்னும் பெட்டிகள் இருக்கலாம். மே மாதம் வேண்டாம், தை மாதம் போங்கள். உறையை நம்பாதீர்கள், வெளிச்சத்தில் சாய்த்து வளைவைப் பாருங்கள். கண்ணாடிப் பலகை வித்தை பலிக்கும், உங்கள் வீட்டுத் தட்டுக்கு மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் வீட்டில் அதை யார் கேட்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை. அந்தத் தட்டு என்னிடம் இப்போதும் பழுதில்லாமல் ஓடுகிறது. அண்ணாச்சி கப்பல் ஏறிய பிறகு, அந்தப் பத்து மாதச் சாயங்காலங்களில் லூர்தக்கா எதைப் போட்டுக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது.