ராகுகாலம் முடிந்ததும் சர்வரை நிறுத்தவும்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். சிங்கப்பூர், சென்னை இரண்டு ஊர் கிளினிக்குகளுக்கும் நோயாளிகளின் முன்பதிவை நாங்கள்தான் கவனிக்கிறோம். இணையப் பாதுகாப்பு விதிகள் இறுகியதிலிருந்து ஆண்டுக்கொரு சோதனை. வேண்டுமென்றே இங்கே சர்வரை நிறுத்துவோம். சென்னை இன்ஜினியர் உடனே அங்குள்ள சர்வரை இயக்கி வேலையை ஏற்க வேண்டும். தணிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். தேறாவிட்டால் கிளினிக்குகள் எங்களைக் கைகழுவிவிடும், என் வேலையும் கோவிந்தா.

முதலாளியின் கவலையோ வேறு. "வெள்ளிக்கிழமைமா. ராகுகாலம் முடிஞ்சதும் ஆரம்பிங்க. சென்னைக்கும் சொல்லிடுங்க" என்றார். நானும் அப்படியே சொல்லித் தொலைத்தேன்.

சிங்கப்பூர் நேரத்துக்குக் கணித்த எங்கள் காலண்டரில் ராகுகாலம் முடிந்தது. சர்வரை நிறுத்தினேன். சென்னையில் அசைவே இல்லை. போன் போட்டால் அங்கிருந்த இன்ஜினியர் நிதானமாகச் சொன்னார்: "மேடம், இங்க இப்பதான் ராகுகாலம் ஆரம்பிச்சிருக்கு. முடிஞ்சதும்னுதானே சார் சொன்னாரு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவோ கெஞ்சியும் மனிதர் மசியவில்லை. முதலாளியைப் பிடிக்கலாமென்றால், சோதனை நல்லபடி நடக்க வேண்டிக்கொண்டு அவர் கோயில் அன்னதானத்தில் இருக்கிறார், போன் சைலன்ட்டில். எங்கள் சர்வரைத் திரும்பப் போட்டால் தோற்றதாக அர்த்தம்.

வேறு வழியில்லாமல் சிங்கப்பூரில் பொங்கோலிலிருந்து புக்கிட் மேரா வரையும், பிறகு சென்னையிலும் ஒவ்வொரு கிளினிக்காகக் கூப்பிட்டேன். "பேப்பர்ல எழுதிக்கிறோம் லா, டென்ஷன் ஆகாதீங்க" என்றார் ஒரு கவுண்டர் அக்கா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சென்னையில் ராகுகாலம் கழிந்து சர்வர் எழும்வரை ஒரு நோயாளியைக்கூட யாரும் திருப்பி அனுப்பவில்லை.

தணிக்கையாளர், ஒரு சீனப் பெண்மணி, ஏன் தாமதம் என்று கேட்டார். நெட்வொர்க் கோளாறு என்று சொல்ல வாய் வரை வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். நல்ல நேரம் பார்க்காமல் புதுவீட்டுச் சாவியை வாங்கக் கூடாது என்று தன் அம்மாவும் பிடிவாதம் பிடித்தாராம். வேலை நிற்காததால் தேர்ச்சி, ஆனால் ஒரு நிபந்தனை என்றார்.

முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். "பாத்தீங்களா, நல்ல நேரத்துல ஆரம்பிச்சோம், பாஸாயிட்டோம்."

நிபந்தனையைச் சொன்னேன். அடுத்த சோதனையை ஒரே நாளில் இரண்டு முறை நடத்த வேண்டும்: இங்கே ராகுகாலத்தில் ஒன்று, சென்னை ராகுகாலத்தில் ஒன்று.

சுவரிலிருந்த காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு நான் லீவுமா" என்றார்.