வண்டி சூடிய மாலை

காலை ஏழரை, மதுரை.

பெரியக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை இது: "வழியில எங்கயாச்சும் வண்டி நின்னுச்சு, அதான் சகுனம்னு அப்படியே திரும்பிருவேன். அம்புட்டுத்தான்."

என் காருக்கு வயது பதினைந்து. நின்று நின்று போவதுதான் அதன் சுபாவம். அதை நம்பி இந்த நிபந்தனைக்குத் தலையாட்டிய புத்திசாலி நான்.

போக வேண்டியது சேத்தூர். ஸ்ரீவில்லிபுத்தூர் எழுபத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து ராஜபாளையம் பதினொன்று, அதற்கப்பால் ஒரு பத்து. சின்னக்கா மஞ்சுளா அங்கே புது வீடு கட்டி அன்று பால் காய்ச்சுகிறாள். முகூர்த்தம் பன்னிரண்டு மணி வரை. "பெரியக்கா வந்து அடுப்பப் பத்த வச்சாத்தான் பால் வைப்பேன். அவ வரலைன்னா அடுப்பு சும்மாவே கெடக்கட்டும்" என்று போனில் என்னிடம் சொன்னாள். அக்காவிடமே சொல்லலாமே என்றால், இருவரும் பேசி மூன்று வருடம் ஆகிறது. நான்தான் அதை அப்படியே பெரியக்காவிடம் ஒப்பித்தேன். சின்னக்கா மகள் கல்யாணத்தில் மேடையில் குடும்பப் போட்டோ எடுத்தபோது பெரியக்கா பந்தியில் இருந்தாள். யாரும் போய்க் கூப்பிடவில்லை. பாயசத்தை வைத்துவிட்டுக் கை கழுவியவள், தங்கையையும் சேர்த்துக் கழுவிவிட்டாள்.

கல்லுப்பட்டியில் காபி. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வலது பக்கம் மலை கூடவே வர ஆரம்பித்தது. உச்சியில் மேகம் இருந்தது. எங்கள் தலைக்கு மேல் வெறும் வெயில். ஏசியைக் கூட்டி வைத்தேன். அக்கா தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால், "அவ வீட்டுக்கு வாசல் கெழக்கயா வடக்கயா?" என்று இரண்டு தரம் கேட்டாள். யார் வீட்டுக்கு என்று நானும் கேட்டு வைத்தேன். முறைத்தாள்.

ஒன்பதே முக்கால், ஸ்ரீவில்லிபுத்தூர்.

கோயில் கும்பிட்டு வரும் வழியில் பூக்கடையில் அக்கா ஒரு பெரிய சம்பங்கி மாலை வாங்கினாள். நடுவே ஜிகினா சுற்றிய நைலான் கயிறு, ஓரமெல்லாம் ரோஜா. விலை முந்நூறு ரூபாய்.

"யாருக்குக்கா இது?"

அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "வண்டிக்குத்தாம்லே" என்றாள்.

பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பினோம். கண்ணாடி துடைக்கத் தண்ணீர் ஊற்றுவதற்காக நான் பானட்டைத் திறந்திருந்தேன். மாலையை என் கையில் கொடுத்து, "வெளிய கட்டாத, வாடிரும். உள்ள வை" என்றாள். எவ்வளவு தெளிவான உத்தரவு! வண்டிக்கு வாங்கிய மாலை, உள்ளே வைக்க வேண்டும், பானட்டும் திறந்திருக்கிறது. ரேடியேட்டருக்கு மேலே, பெருமாளுக்குச் சாத்துவது போல வளைத்துச் சாத்தினேன். ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டேன். பிறகு பானட்டைப் பக்தியோடு மூடினேன்.

பத்தே கால், ராஜபாளையம்.

ராஜபாளையம் வரை ஒரு குறையும் இல்லை. ஊருக்குள் சாலையின் ஒரு பக்கத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். லாரியும் மில் பஸ்ஸும் மாட்டுவண்டி வேகத்தில் நகர்ந்தன. முதலில் அக்காதான் கண்டுபிடித்தாள்: "ஏலே, காத்து சூடா வருதே?" அப்போதுதான் நான் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். நடுவில் இருக்க வேண்டியது, சிவப்புக் கோட்டின் வாசல்படியில் கால் வைத்திருந்தது.

இந்தச் சமயத்தில் ஏசியை அணைத்துவிட்டு உள்ளே ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட வேண்டும், இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக இறங்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அறிவு சரியானதுதான். ஆனால் அதை மே மாதத்தில், கோபக்கார அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பார்க்கிறவனுக்கு வேறு பெயர் உண்டு.

"என்னலே, என்னைய அவிக்கப் பாக்கியா?"

ஓரமாக ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை வாசலில் நிறுத்தினேன். நின்றாயிற்று. அக்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் காதர் பாய், குடத்துக் குவியலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "இதே வண்டிதான் நானும் வச்சிருந்தேன் அண்ணே. பொல்லாத வண்டி. மூடியத் தொறங்க, தண்ணி ஊத்துவோம்."

"சூட்டோட தொறந்தா மூஞ்சி வெந்துரும் பாய்."

"அப்ப செத்த நேரம் பொறுத்துத் தொறப்போம்" என்று உடனே கட்சி மாறினார்.

மதுரையில் என் மெக்கானிக் கணேசனுக்குப் போன் போட்டேன். "சார், ஃபேன் ஓடுதா?" என்றான். "ஜம்முனு ஓடுது. நாலாம் நம்பர்ல வச்சிருக்கேன். அனல்தான் வருது" என்றேன். "உள்ள காத்து வீசுறது இல்ல சார். வெளிய, ரேடியேட்டருக்குப் பின்னால இருக்கிற ஃபேன்" என்றான், குழந்தையிடம் பேசுகிற குரலில். பாய் எனக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டால் அந்த ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. கணேசன் சொன்னபடி, அணைத்துவிட்டுப் பேட்டரி பக்கத்துக் கறுப்புப் பெட்டியில் ஃபேன் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளே கம்பி அறுந்து கருகிப் போயிருந்தது. பாய் கடையைத் திறந்தபடி விட்டு ஓடினார். நாலு கடை தள்ளி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அதே அளவு ஃபியூஸ் இரண்டு வாங்கி வந்தார். ஒன்றைச் செருகி வண்டியைப் போட்டேன். 'டப்'. அதுவும் போயிற்று.

"மோட்டார் போச்சு" என்றார் பாய். "ரிலேயா இருக்கும்" என்றேன் நான். இருவருக்கும் ஒன்றும் தெரியாது என்பதால் விவாதம் நன்றாக நடந்தது. அதற்குள் பதினொன்று தாண்டிவிட்டது. மோட்டார் என்றால் சாயங்காலம்தான். ஆட்டோ பிடிக்கலாம் என்று அக்காவிடம் போனேன்.

"வேணாம்லே. நான் சொன்னது சொன்னதுதான். எனக்குப் போகப் பிடிக்காமயா கெளம்புனேன்? சாமியே நிறுத்திருச்சு" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாலையைக் கடந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றாள்.

நான் திரும்பி வந்து மறுபடி போன் போட்டு, "ரெண்டாவதும் போச்சு கணேசா" என்றேன்.

"ஃபேன் ஃப்ரீயா சுத்துதா சார்?"

"அதான் சுத்தலையே!"

"கையால சுத்திப் பாருங்க. சாவிய எடுத்தாலும் அது சில சமயம் தானா ஓடும், வெரல் போயிரும். பேட்டரி வயரக் கழட்டிட்டுத் தொடுங்க."

கழற்றினேன். பாய் போன் வெளிச்சத்தைப் பிடித்தார். ஸ்க்ரூடிரைவரால் இறக்கையைத் தள்ளினேன். அசையவில்லை. பாய் குனிந்து பார்த்தார். "அண்ணே, உள்ள என்னமோ மினுங்குது." பிறகு மூக்கை உறிஞ்சி, "சம்பங்கி வாசம் வருது" என்றார்.

ரேடியேட்டரின் மேலே நான் சாத்திய மாலையில் பாதிதான் இருந்தது. மீதி பாதியை ஃபேன் இழுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஜிகினாவோடு இறுக்கி, மூச்சுவிட முடியாமல் நின்றிருந்தது. திணறிய மோட்டார் ஃபியூஸைக் கருக்கியிருக்கிறது. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று காப்பாற்றியதால் தெரியவில்லை. ஓடுகிற வரை இந்தச் சூடு வெளியே தெரியாது. நின்ற இடத்திலேயே நின்றால்தான் ஏறுகிறது. மூன்று வருடமாக நின்ற இடத்திலேயே நின்ற இன்னொருத்தர், சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் கடையிலிருந்து கத்தரிக்கோல் வந்தது. வெட்டி, பிடுங்கி, நைலானை உருவி எடுத்தேன். விரலால் தட்டியதும் இறக்கை லேசாகச் சுற்றியது. வயரை மாட்டி, கடைசி ஃபியூஸைப் போட்டு, வண்டியை எடுத்து, ஏசியைத் தட்டினேன். 'விர்ர்' என்றது. அந்தச் சத்தத்துக்கு ஈடான சங்கீதத்தை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. "ஓடுதுண்ணே!" என்று பாய் கத்தியபோது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து நின்றுவிட்டது.

வண்டியைப் பாயிடம் விட்டுவிட்டு, கையில் கிரீஸ் பூசிய மிச்ச மாலையோடு சாலையைக் கடந்து ஓடினேன். அக்காவின் ஒரு கால் படியில்.

"அக்கா, சகுனம் இல்லக்கா! மாலைதான் மாட்டிருச்சு! நீ வண்டிக்கு வாங்குனியே, உள்ள வைன்னியே, அது ஃபேனுக்குள்ள போயிருச்சு!"

அக்கா மாலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏலே கூறுகெட்டவனே, உள்ள வைன்னா சீட்டுல வைக்கச் சொன்னேம்லே! அது மஞ்சு வீட்டு நெலைக்கு வாங்குனது!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"வண்டிக்குன்னியே" என்றேன்.

"ஆமா, சொன்னேன்."

"அதான் வண்டி எடுத்துக்கிச்சு."

"யம்மா, ஏறுறியளா இல்லையா?" என்றார் கண்டக்டர்.

அக்கா காலைப் படியிலிருந்து எடுத்தாள். "நீங்க போங்க தம்பி. என் தங்கச்சி அடுப்புப் பத்த வைக்காம உக்காந்திருக்கா."

பன்னிரண்டுக்குச் சற்று முன், சேத்தூர்.

வரும் வழியெல்லாம் முள் நடுவில் அசையாமல் நின்றது. நான் சாலையைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன். வாசலிலேயே நின்றிருந்த சின்னக்கா எங்களைக் கண்டதும் அக்கா கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். பால் பொங்கியது. பிறகுதான் மாலையைக் கவனித்தாள்.

"என்னக்கா, மாலையில கிரீஸா இருக்கு? பாதிதான் இருக்கு?"

"வண்டி மொதல்ல சூடிப் பாத்துக்கிச்சுடி. ஸ்ரீவில்லிபுத்தூர் மாலைதான? சூடிக் குடுத்தா குத்தமில்ல. கட்டு" என்றாள் பெரியக்கா.

கட்டினார்கள். நிலைக்குப் பாதிதான் எட்டியது. அதன் கீழே எல்லாரையும் நிற்க வைத்தபோது, "யாரும் பந்தியில இருக்காங்களான்னு பாத்துட்டு எடுங்கப்பா" என்று சின்னக்காவே கத்தினாள். பெரியக்கா ரொம்ப நேரம் சிரித்தாள். போட்டோவில் அவள் முகம் மட்டும் அசைந்து மங்கலாக விழுந்திருக்கிறது.

நாலு மணிக்கு நான் மட்டும் கிளம்பினேன். பெரியக்கா இரண்டு நாள் இருந்துவிட்டு வருவாளாம். ராஜபாளையத்தில் காதர் பாய்க்குப் பால்கோவா கொடுத்தேன். "எனக்குச் சக்கரை இருக்குண்ணே" என்று சொல்லிக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டார்.

அதே நெரிசல், அதே தோண்டிய சாலை. வண்டி நின்றது, முள் கொஞ்சம் ஏறியது. 'விர்ர்' என்று ஃபேன் ஓடியது. அதோடு எங்கோ ஒட்டியிருந்த இதழ் கருகி, சம்பங்கி வாசம் வண்டி முழுக்க வந்தது. மதுரை வரை நின்ற இடத்திலெல்லாம் வந்தது. நடுவே இரண்டு முறை, நிற்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்திலும் நிறுத்திப் பார்த்தேன்.