சப்பாத்தோடு வந்த கால்

வாரத்தில் ஐந்து நாள் நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் பலாமரத்திலிருந்து விழுந்தவர்களுக்கு எலும்பு பொருத்திக் கட்டுவேன். சனிக்கிழமை காலையில் மட்டும் பெரிய யுத்தத்துக்குப் போய் வந்தவர்களுக்கு வைத்தியன். பாதி நேர வேலைதான். ஆனால் அதைப் பற்றி என் மனைவி அயலவர்களிடம் பேசுவதைக் கேட்டால், மற்ற ஐந்து நாளும் நான் சும்மா இருக்கிறேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

கண்டி வாவிக்கு மேலே, மேட்டில் ஒரு பழைய கட்டடம். முன்கதவால் துரைமார் வருவார்கள், அவர்களுக்குப் பிரம்புக் கதிரைகள். பக்கக் கதவால் மற்றவர்கள், அவர்களுக்கு ஒரு நீள வாங்கு. நடுவில் என் மேசை. மேசைக்குப் பின்னால் ஓர் அலுமாரி நிறையக் கட்டைக் கால்கள். புதிதாக வருகிற தாதி யாராவது அந்த அலுமாரியைத் திறந்தால் அன்று காலை வேலை அரை மணி பிந்தும்.

என் நோயாளிகள் வீரர்கள். அவர்களே சொன்னார்கள். ஒரு துரைக்குக் குண்டுத் துண்டு பாய்ந்த இடம் அவர் உட்காருகிற இடம். அதை அப்படியே எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால், இரண்டு வருடமாக நான் 'இடுப்புக்குச் சற்றுக் கீழே' என்று எழுதி வந்தேன். இன்னொருவர் முழங்காலை உடைத்தது பந்து விளையாடும்போது. மனைவி கூட வந்த நாளில் மட்டும் அது பீரங்கி ஆகிவிடும்.

இவர்களுக்கு நடுவே உண்மை பேசிய ஒரே ஆள் ஹந்தானையில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். யுத்த காலத்தில் பஸ்ராவுக்குப் படையோடு சுமை தூக்கும் கூலியாகப் போனவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எப்படிப் போனது என்று கேட்டேன்.

"பிஸ்கட் பெட்டிங்க" என்றார். "கப்பல்ல இருந்து எறக்கயில கயிறு அறுந்துருச்சு."

"சண்டை ஒண்டும் இல்லையோ?"

"சண்டை அங்கிட்டு எங்கயோ நடந்துச்சுங்க. நாங்க பிஸ்கட்டுதான் பாத்தோம்."

அவருக்காக விண்ணப்பம் எழுதி, எட்டு மாதம் கழித்து இங்கிலாந்திலிருந்து ஒரு கால் வந்தது. வைக்கோலுக்குள் வைத்துப் பெட்டியில் அடைத்து அனுப்பியிருந்தார்கள். தோல் பட்டி, திருகாணி, கணுக்கால் மடக்கு, எல்லாம் ஒழுங்கு. ஒரு குறைதான். அது சப்பாத்தோடு வந்தது. பாதத்தில் விரல்கள் இல்லை, வெறும் கட்டை. அதன் மேல் கறுப்புத் தோல் சப்பாத்தை இறுக்கி ஆணி அடித்து விட்டிருந்தார்கள். உலகத்தில் எவனாவது வெறுங்காலோடு நடப்பான் என்று அதைச் செய்தவனுக்குத் தோன்றவேயில்லை. எங்கள் ஆள் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சப்பாத்துப் போட்டார், ஒரு காலுக்கு. மற்றக் கால் எப்போதும் போல வெறுங்காலாக இருந்தது.

அந்தக் காலை மாட்டிக்கொண்டு அவர் தோட்டத்து ஃபாக்டரி வாசலில் காவல் வேலை கேட்கப் போனார். அந்த வேலை கிடைக்காவிட்டால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். மனைவிக்கு நெஞ்சு நோய், கொழுந்து எடுக்க முடியாது. பெண்பிள்ளைகள் இரண்டும் சிறிசுகள். தோட்டத்து வேலையில் யாருக்கும் பேர் இல்லாத வீட்டுக்குக் குடியிருக்க லயத்தில் காம்பரா இல்லை. மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி சொல்லியாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வந்து வாங்கில் உட்கார்ந்தார்.

"வேலை கிடைச்சதோ?" என்று கேட்டேன்.

"காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல போய் நின்னேங்க. பெரிய கங்காணி வந்து சப்பாத்தக் கழட்டுன்னாரு. தொர முன்னால சப்பாத்தோட நிக்கக் கூடாதுல்ல. இது கழராதுங்க, காலோட சேந்ததுன்னேன். அப்ப காலையே கழட்டுன்னாரு."

"நீர் என்ன செய்தனீர்?"

"கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு நின்னேங்க. தொர வந்து பாத்தாரு. ஒத்தக் கால்ல நிக்கிறவன் எப்படிக் காவல் காப்பான்னு கேட்டுட்டுப் போயிட்டாரு."

சொல்லிவிட்டு அவர்தான் முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் வரும். அன்றே உட்கார்ந்து அந்தத் துரைக்கு நாலு பக்கத்தில் கடிதம் எழுதினேன். மன்னருக்காகக் காலைக் கொடுத்த மனிதன் என்றேன். பிஸ்கட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. இந்தச் சப்பாத்து உடுப்பு அல்ல, உடம்பின் ஓர் அங்கம் என்றேன். அந்த வரியை மனைவிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

பதில் மூன்று வரியில் வந்தது. அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆளைப் பங்களாவில் பார்ப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இவனுக்கு ஒரு சப்பாத்தை விட்டால் நாளைக்கு எல்லாரும் இரண்டு கேட்பார்கள் என்று பெரிய கங்காணி சொல்கிறார். தோட்டத்து வழக்கத்தில் தான் தலையிட முடியாது.

"சப்பாத்தோடதான் நீர் போகவேணும்" என்றேன் நம் ஆளிடம். "நானும் கூட வாறன். என்ன செய்யினம் எண்டு பார்ப்பம். இது மானப் பிரச்சினை."

"ஐயா, எனக்குச் சப்பாத்து வேணாங்க" என்றார் அவர் மெதுவாக. "காம்பராதான் வேணும்."

வேறு வழி பார்க்க வேண்டியதாயிற்று. சப்பாத்தைப் பிடுங்கிவிட்டு அந்தக் கட்டைக்கு விரல்கள் செதுக்க வேண்டும். நகரத்தில் அதைச் செய்யக்கூடியவர் ஒருவர்தான். கிறிஸ்தவக் கோயில்களுக்குச் சுரூபம் செதுக்குகிறவர், முப்பது வருடமாகப் புனிதர்களையும் சிலுவையில் பாடுபட்ட இயேசுவையும் தவிர வேறெதையும் தொடாதவர். அவர் வந்து நம் ஆளின் இடது காலைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டார். பிறகு உளியும் குறடுமாகச் சப்பாத்தோடு மல்லுக்கு நின்றார். அதைக் கழற்ற அரை நாள் பிடித்தது. ஒவ்வோர் ஆணி வரும்போதும் நம் ஆள் முகத்தைச் சுளித்தார்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் மேட்டுக் கட்டடத்துக்குக் கால் வந்தது. துணியை விலக்கினால், அப்படியோர் அழகான பாதம். ஐந்து விரல், ஐந்து நகம், மேலே மெல்லிய நரம்பு. நரம்புக்கு நடுவில் ஓர் ஓட்டை. ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு மை.

"என்ன காணும் இது?" என்றேன்.

சுரூபக்காரர் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது போல.

"ஆணிக் குறிங்க. கைப் பழக்கத்துல போயிருச்சு. பாதம்னு செஞ்சா எங்கை தானா அங்க வந்துதான் நிக்கும்."

"தேயிலை ஃபாக்டரிக்குக் காவல் நிக்கப்போற ஆளுக்கோ ஆணிக் குறி?"

அதற்குள், மறுநாள் வைத்தியத்துக்குத் தூரத்திலிருந்து முன்கூட்டியே வந்து வாங்கில் இருந்த ஒரு பழைய சிப்பாய் எழுந்து வந்து, பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். இதை இப்படியே விட்டால் ஃபாக்டரி வாசலில் மெழுகுதிரி கொளுத்த ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று பயந்தே போனேன். ஓட்டையை மக்கு வைத்து அடைக்கச் சொன்னேன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. நம் ஆள் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

"இது ஒரு நாளும் மலை ஏறாத காலுங்க. இதப் போட்டுக்கிட்டுப் போனா, யாரோடதைத் திருடிட்டு வந்தேன்னு கேப்பாங்க. குதியில வெடிப்பு இருக்கணும். சுண்டு வெரலு வளைஞ்சிருக்கணும்."

சுரூபக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. "முப்பது வருசத்துல நான் ஒரு பாதத்துக்கும் வெடிப்பு வச்சதில்ல. மோட்சத்துல யாருக்குங்க வெடிப்பு?"

"நான் இன்னும் அங்க போகலையே" என்றார் நம் ஆள்.

ஒரு மணி நேரம் வழக்காடினார்கள். நானும் சும்மா இருக்காமல், வெடிப்பு எந்தத் திசையில் ஓடும் என்று என் வைத்தியப் படிப்பை எடுத்து விட்டேன். கடைசியில் வெடிப்பு வைத்தார். கோபத்தில் இரண்டு கூடுதலாகவே வைத்தார். தேநீர்ச் சாயம் போல ஒரு பழுப்பு நிறம் பூசினார். சனிக்கிழமை காலையில் வந்தவர்கள் எல்லாரும் தங்கள் நோவை மறந்து அந்தக் காலைப் பார்த்தார்கள். முன்கதவுத் துரை ஒருவர் விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, கடலில் குளிக்கும்போது மாட்டிக்கொள்ளத் தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை நான் அரை நாள் லீவு எடுத்தேன். இருந்ததில் நல்ல கோட்டு, கழுத்துப் பட்டி, முகம் தெரியப் பளபளத்த சப்பாத்து. வாடகைக் கார் தோட்டத்து எல்லையோடு நின்றுவிட்டது, மேலே மழை ரோட்டைக் கொண்டுபோயிருந்தது. இருவரும் நடந்து ஏறினோம். வழி முழுவதும் நான் பேசிக்கொண்டே போனேன். துரை என்ன கேட்டால் என்ன சொல்வேன் என்று மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே, காலடி வைக்கும் இடத்தைப் பார்த்து ஏறினார்.

பங்களா தெரிகிற வளைவில் பெரிய கங்காணி காத்திருந்தார். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, மணிக்கூட்டுச் சங்கிலி, எனக்குக் குறையாத உடுப்பு. அவருடைய சப்பாத்து ஒரு செம்பரத்தைச் செடிக்கடியில் ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. குனிந்து நம் ஆளின் இரண்டு பாதங்களையும் பார்த்தார். எது எது என்று அவருக்குத் தெரியவில்லை. திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு என் சப்பாத்தைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நான் சரியாக எழுத வேண்டும், வீட்டில் பல வருடம் வேறு விதமாகச் சொல்லி வந்திருக்கிறேன். அவர் வாயைத் திறக்கவேயில்லை. பார்த்தார், அவ்வளவுதான். நான் குனிந்து நாடாவை அவிழ்த்துச் சப்பாத்துகளைக் கழற்றி, அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பங்களா விறாந்தையில் துரை வந்து நின்றார். "எந்தக் கால் கட்டை?" என்று தோட்டத்துத் தமிழில் கேட்டு, கைப்பிரம்பால் நம் ஆளின் வலது பாதத்தைத் தட்டினார். சத்தம் கேட்டது. இடது பாதத்தைத் தட்டினார். நம் ஆள் "அம்மா" என்றார். துரை விழுந்து விழுந்து சிரித்து, நாளையிலிருந்து வாசலில் நிற்கச் சொல்லிவிட்டார். நான் தயாராக்கி வந்த மூன்று பதிலுக்கும் வேலை வரவில்லை. உள்ளே போகத் திரும்பியவர் என் காலைப் பார்த்தார். சப்பாத்துக்குள் போடும் மேசில் ஓட்டை இருந்தது, அது வழியாகப் பெருவிரல் வெளியே நின்றது. "டாக்டர், சப்பாத்து எங்கே? இங்கே அட்டை கடிக்குமே" என்றார் இங்கிலீஷில். உண்மையான கரிசனையோடுதான் கேட்டார். என் இங்கிலீஷ் அந்த நேரம் பார்த்து வரவில்லை.

வளைவுக்குத் திரும்பி வந்து பார்த்தால், அந்தப் பெருவிரலிலேயே ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நம் ஆள் சிரமப்பட்டு மண்ணில் உட்கார்ந்து, என் காலை மடியில் எடுத்து வைத்து, வேட்டி மடிப்பிலிருந்த வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவி அதைக் கழற்றி எறிந்தார். காம்பரா நிலைத்துவிட்ட சந்தோசம் அவர் முகம் முழுக்க இருந்தது. பிறகு செம்பரத்தைக்கடியில் இருந்த என் சப்பாத்தை எடுத்துத் துடைத்துத் தந்தார்.

"என் காலுல இருந்து இதக் கழட்ட உளி, குறடு எல்லாம் வேண்டியிருந்துச்சுங்க" என்றார். "ஐயா காலுக்கு ஒண்ணுமே வேணாம் போல."

கேலியாகச் சொல்லவில்லை. இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான். கேலியாக இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. நாடாவைக் கட்டிக்கொண்டு, அவரைப் போலவே காலடி வைக்கும் இடத்தைப் பார்த்துக் கார் நின்ற இடம் வரை இறங்கினேன்.