காலைக்காட்சிக்குத் தனியாக ஒரு டிக்கெட்

இன்று நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, பசுமலையில் பஸ் ஏறி, தனியாகக் காலைக்காட்சிக்குப் போனேன். கணவரிடம் உண்மையையே சொல்லிவிட்டேன்: "படத்துக்குப் போறேன். மத்தியானச் சோறு நீங்களே வடிச்சுக்கங்க."

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் என் கணவரின் சித்தி. நெற்றி நிறையத் திருநீறு.

"அத்தே, நீங்களா?"

"மெதுவாப் பேசுடி. கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீ?"

"படத்துக்குன்னுதான் சொன்னேன்."

"அம்புட்டுத் தைரியமா! அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"ரசப்பொடி எங்கன்னு கேக்கத்தான் இருக்கும், மூணு தடவ போன் வந்துச்சு. எடுக்கல."

அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு மாமாவுக்குப் போன் போட்டார். "நான் படம் பாக்குறேன். மாவு இருக்கு, தோசை ஊத்திக்கங்க." பதில் வரும் முன்பே வைத்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அடுத்த வாரமும் சேந்து வருவமாடி?"

எல்லாவற்றுக்கும் தலையாட்டியே பழகிய நான் இந்த முறை ஆட்டவில்லை. "கோவிச்சுக்காதீங்க அத்தே. நான் தனியாத்தான் வருவேன்."

"நல்லதாப் போச்சு. நீ தொணதொணன்னு பேசுவ" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மனசு அவ்வளவு லேசாக இருக்கிறது. இந்த வாரம் என்னிடம் உதவி கேட்க நினைத்தவர்கள் கமென்ட்டில் வரிசையாக வாருங்கள். "முடியாது" சொல்லிப் பழக எனக்கும் ஆள் வேண்டாமா?